வீட்டிலிருந்து ஆபீஸ் போக அரசு காசு தருமா?

வீடு சித்தூரில், வேலை பலமனேரில். காலையில் பங்காருபாளையம் தாண்டி மொகிலி மலைப்பாதை ஏறி, மாலையில் அதே வழியே இறங்கும் ஆந்திர மாநில அரசு குமாஸ்தா ஒருவரை எடுத்துக்கொள்வோம். போகவர சுமார் 80 கிலோமீட்டர். இந்த நேரத்துக்கு ஓவர்டைம் உண்டா? பெட்ரோல் காசாவது கிடைக்குமா? இரண்டும் கிடையாது.

ஏன் இல்லை?

பயணப்படி விதிகள் தூரத்தை மட்டும் பார்ப்பதில்லை. யார் அனுப்பினார்கள் என்றும் பார்க்கின்றன. எங்கே குடியிருப்பது என்பது ஊழியர் விருப்பம், அந்தச் செலவும் அவருடையது. அதிகாரி உத்தரவிட்டு அனுப்பினால் அது டூர். தலைமையிடத்திலிருந்து, அதாவது வேலை பார்க்கும் ஊரிலிருந்து, 8 கிலோமீட்டர் சுற்றளவைத் தாண்டினால் பயணப்படி, தினப்படி கேட்கலாம்.

அதே குமாஸ்தாவைச் சித்தூர் கலெக்டர் அலுவலகக் கூட்டத்துக்கு அனுப்பினால், பலமனேரிலிருந்து போனதற்கு பில் போடலாம். அன்று காலை சித்தூர் வீட்டிலிருந்தே நேராகக் கூட்டத்துக்குப் போயிருந்தால், போகாத பயணத்துக்கு பில் போட முடியாது. போட்டால் ஒழுங்கு நடவடிக்கை வரும்.

மாற்றலாகி வந்தவருக்குக் குடும்பத்தோடும் சாமான்களோடும் இடம்பெயர ஒருமுறை படி உண்டு. சொந்த வேண்டுகோளில் மாற்றல் வாங்கியவருக்கு அதுவும் இல்லை.

மத்திய அரசில் வேறு கணக்கு

பலமனேர் தபால் நிலையத்தில் வேலை செய்யும் அஞ்சல் உதவியாளருக்கு, 7ஆவது ஊதியக் குழுப்படி மாதம் 1,800 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் போக்குவரத்துப் படியாக வரும். வீடு அடுத்த தெருவில் இருந்தாலும் அதே தொகைதான். ஆந்திர மாநில ஊழியர்களுக்குப் பொதுவாக இப்படி ஒரு படி கிடையாது.

ஓவர்டைம்?

2018 ஜூனில் மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு மிகைநேரப் படியை நிறுத்தியது. இயக்கப் பணியாளர்கள் (operational staff) போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. 2023 ஏப்ரலில், இந்தியப் பாதுகாப்பு அச்சு மற்றும் நாணயத் தயாரிப்புக் கழகத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம், பணிவிதியில் இல்லாத இரட்டிப்பு விகித ஓவர்டைமை அரசுப் பதவியில் இருப்பவர்கள் கோர முடியாது என்றது. அப்படியிருக்க, பஸ்ஸில் கழியும் நேரம் எங்கே கணக்கில் வரும்?

வழியில் விபத்து நேர்ந்தால்?

இங்கே மட்டும் சட்டம் இளகியிருக்கிறது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்தும் வேலையோடு நேரம், இடம், சூழல் வகையில் தொடர்பிருந்தால் பணியின்போது நேர்ந்ததாகும் என்றது. அதிகாலை ஷிப்டுக்குப் போகும் வழியில் இறந்த சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கு அது. அரசுப் பதவியில் இருப்பவருக்குப் பொருந்துமா என்பது அவருடைய பணிவிதியைப் பொறுத்தது.

ஐரோப்பாவில்

நிலையான பணியிடம் இல்லாதவர்களுக்கு, வீட்டிலிருந்து முதல் வாடிக்கையாளரிடம் போகும் நேரமும் வேலைநேரமே என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. நிலையான ஆபீஸ் உள்ளவருக்கு அது பொருந்தாது.

நம் விதிகளில் யார் அனுப்பினார்கள் என்பதே முக்கியம். ஆகவே ஊழியர்கள் செய்ய வேண்டியது இது: வெளியூருக்கு அனுப்பினாலும், விடுமுறையில் வேலைக்கு அழைத்தாலும், உத்தரவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழி உத்தரவை நம்பிப் போட்ட பில்லைத் தணிக்கையில் முதலில் வெட்டுவார்கள்.