புதுப்பித்த இன்ஜின் எண்ணெய் குடிக்கிறதா? பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

“இப்பத்தானே இன்ஜின் செஞ்சிருக்கீங்க, கொஞ்ச நாளைக்கு எண்ணெய் குடிக்கத்தான் செய்யும்.” பழைய காரின் இன்ஜினைப் பிரித்துப் புதுப்பித்தவர்கள் பட்டறையில் இந்தப் பதிலைக் கேட்டிருப்பார்கள். இதில் பாதி உண்மை. புதிய ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு தேய்ந்து படியும்வரை எண்ணெய் சற்றுக் கூடுதலாகத்தான் செலவாகும். ஆனால், அந்தக் ‘கொஞ்ச நாள்’ எத்தனை நாள், அந்தக் ‘கொஞ்சம்’ எத்தனை மில்லிலிட்டர் என்று கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை.

என்னிடம் இருப்பது புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ. 1990களின் இறுதியில் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்த வேகக் கார். மிட்சுபிஷியின் 4ஜி93 இன்ஜின், 1,834 சிசி, 16 வால்வுகள், சுமார் 140 குதிரைத்திறன். இன்றும் இளைஞர்கள் தேடி வாங்கும் வண்டி. பழைய இன்ஜின் தேய்ந்துபோனதால், சிலிண்டர்களை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, புதிய பிஸ்டன், புதிய ரிங், புதிய வால்வு சீல் எல்லாம் போட்டு முடித்தபோது 7,800 வெள்ளி ஆனது. சம்பளக்காரனுக்கு அது சிறிய தொகை அல்ல. 3,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் எண்ணெய் குறைந்துகொண்டே இருந்தது. “வித்துடுங்க” என்றார் என் மனைவி. “மறுபடியும் பிரிச்சிடலாம்” என்றார் ஒரு நண்பர். இரண்டில் எதையும் செய்வதற்கு முன், எண்ணெய் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க நினைத்தேன்.

முதலில் கணக்கு

மாமாவுக்குத் தெரிந்த, ஓய்வு பெறும் வயதிலிருந்த ஒரு போமேனிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. “தம்பி, ஆயிரம் கிலோமீட்டருக்கு எவ்வளவு குறையுது? எழுதி வச்சு கொண்டு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

அளப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. வண்டியைச் சமதளத்தில் நிறுத்த வேண்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்தே அளவுக்கோலை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே இடம், அதே நேர இடைவெளி. ஊற்றும் எண்ணெயை அளவுக் குவளையில் அளந்து ஊற்ற வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவே கூடாது. அளவுக்கு மேல் இருந்தால் எண்ணெய் நுரைத்து, ஆவியோடு சேர்ந்து காற்றுக்குழாய்க்குள் போய் எரியும். இல்லாத நோயை நாமே வரவழைத்ததுபோல் ஆகிவிடும்.

இரண்டு முறை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி எழுதினேன். முதல் முறை 1,100 மில்லிலிட்டர், இரண்டாம் முறை 1,200. சில கார் நிறுவனங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்வரைகூடப் பொறுத்துக்கொள்ளலாம் என்கின்றன. ஆனால், ரிங்குகள் படியப் படிய இந்த எண் குறைய வேண்டும். என்னுடையது கூடியது. ‘கொஞ்ச நாள் பொறுங்கள்’ என்ற பதில் அத்தோடு முடிந்தது.

எண்ணெய்க்கு எத்தனை வாசல்?

டர்போ இல்லாத இன்ஜினிலிருந்து எண்ணெய் காணாமல் போகப் பெரும்பாலும் நான்கே வழிகள்தான். ஒன்று, வெளியே ஒழுகுவது. இரண்டு, இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மீண்டும் காற்றுக்குழாய்க்கு அனுப்பும் பிசிவி வால்வு வழியாகப் போவது. மூன்று, வால்வு சீல், வால்வு கைடு வழியாக மேலிருந்து இறங்குவது. நான்கு, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழிருந்து ஏறுவது. டர்போ வண்டியானால் டர்போவின் சீல் ஐந்தாவது வழி.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்கினோம். இன்ஜினின் அடிப்பகுதியைக் கழுவித் துடைத்து, இரவில் அட்டை விரித்து நிறுத்தினேன். காலையில் ஒரு சொட்டும் இல்லை. அடுத்து பிசிவி வால்வு. அதைக் கழற்றிக் குலுக்கினால் உள்ளே ‘டக் டக்’ என்று சத்தம் வர வேண்டும், சத்தம் வந்தது. இருந்தாலும் போமேன் ஆவிக் குழாயைப் பிரித்து ஒரு போத்தலுக்குள் விட்டு, 250 கிலோமீட்டர் ஓட்டச் சொன்னார். போத்தலில் சேர்ந்தது இரண்டு தேக்கரண்டிகூட இல்லை. அதே தூரத்தில் இன்ஜின் குடித்ததோ 300 மில்லிலிட்டர். இரண்டு வாசல்களை அடைத்துவிட்டோம். சல்லிக்காசு செலவில்லை.

புகை சொல்லும் சேதி

புகைபோக்கியில் நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். சூடான பிறகும் விடாத வெள்ளைப் புகை என்றால் குளிர்நீர் உள்ளே போகிறது. நிறத்தைப்போலவே, புகை வரும் நேரத்தையும் கவனிக்க வேண்டும்.

இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் முடுக்கியதும் ஒரு கொத்து நீலப் புகை வந்து மறைந்தால், வால்வு சீல் வழியே இரவில் எண்ணெய் சொட்டியிருக்கலாம். கெந்திங் இறக்கத்தில் சின்ன கியரில், எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து இறங்கி, கீழே வந்து மிதித்ததும் புகை வந்தால் வால்வு கைடு மீது சந்தேகம் விழும். ஆனால், பழுதான எண்ணெய் ரிங்கும் அப்படிக் காட்டக்கூடும். முழு வேகத்தில் இழுக்கும்போது தொடர்ந்து புகை வந்தால் ரிங்கைப் பார்க்க வேண்டும்.

என் வண்டியில் காலைப் புகை இல்லை. இறக்கத்துக்குப் பின் லேசாக வந்தது. ஏற்றத்தில் 6,000 சுற்றைத் தாண்டியதும், பின்னால் வந்த தம்பியின் காரிலிருந்து பார்த்தால் நன்றாகவே தெரிந்தது. பிளக்குகளைக் கழற்றியபோது 1, 2, 4 மூன்றும் உலர்ந்து பழுப்பாக இருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் கறுத்து, எண்ணெய் பிசுபிசுப்போடு இருந்தது. நோய் இன்ஜின் முழுவதும் இல்லை, ஒரே ஒரு சிலிண்டரில் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அழுத்தம் சரி, ஆனாலும் பழுது

இன்ஜினைப் பிரித்துச் செய்த பட்டறைக்காரர்கள் தங்கள் பக்கம் காட்டியது கம்பிரஷன் சோதனையை. நான்கு சிலிண்டரிலும் 185 முதல் 190 பிஎஸ்ஐ. “ரிங் போயிருந்தா இந்த அளவு வருமா?” என்று கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். காற்றை ஏற்றிக் கசிவைப் பார்க்கும் சோதனையிலும் கசிவு எல்லாவற்றிலும் பத்து விழுக்காட்டுக்குக் கீழே.

இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். ஒரு பிஸ்டனில் மூன்று ரிங் வரிசைகள் உண்டு. மேலே உள்ள இரண்டும் முக்கியமாக அழுத்தத்தைக் காப்பவை. மூன்றாவதுதான் எண்ணெய் ரிங். தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதைப் போலத்தான் அதன் வேலை. மெல்லிய பூச்சு இருந்தால்தான் தோசை ஒட்டாமல் வரும், அதிகமானால் புகையும். எண்ணெய் ரிங், சுவரில் மெல்லிய பூச்சை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வழித்துக் கீழே தள்ளுகிறது. கம்பிரஷன் சோதனை மேல் இரண்டு ரிங்குகளைத்தான் சோதிக்கிறது. எண்ணெய் ரிங் வேலை செய்யாவிட்டாலும் அந்த எண் நன்றாகவே வரும்.

அடுத்து, பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை இறக்கிப் பார்த்தார் போமேன். மற்ற மூன்று பிஸ்டன்களின் தலையிலும் சீரான கரி. மூன்றாவதில் நடுவில் கரி, ஓரத்தைச் சுற்றி மட்டும் கழுவி விட்டதுபோல் பளபளப்பு. கீழிருந்து ஏறும் எண்ணெய்தான் ஓரத்தை அப்படிக் கழுவும். காற்றுக்குழாயைக் கழற்றி வால்வின் முதுகைப் பார்த்தோம், அது உலர்ந்திருந்தது. மேலிருந்து இறங்கவில்லை. “இப்பப் பிரிக்கலாம் தம்பி. எதைத் தேடுறோம்னு தெரிஞ்சுடுச்சு” என்றார்.

பிரித்தபோது தெரிந்தது

குறிப்பேட்டையும் படங்களையும் எடுத்துக்கொண்டு அதே பட்டறைக்குப் போனேன். குரல் உயர்த்தவில்லை. தேதி, கிலோமீட்டர், மில்லிலிட்டர், கேமராப் படம் எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். தவுக்கே நெடுநேரம் பார்த்துவிட்டு, என் முன்னாலேயே பிரிக்கச் சம்மதித்தார்.

எண்ணெய் ரிங் மூன்று துண்டுகளால் ஆனது. மேலும் கீழும் இரண்டு மெல்லிய வளையங்கள், நடுவில் அவற்றை வெளியே தள்ளும் நெளிந்த விரிப்பான். அந்த விரிப்பானின் இரு முனைகளும் ஒன்றையொன்று முட்டி நிற்க வேண்டும். மூன்றாவது பிஸ்டனில் ஒரு முனை மற்றதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. அதனால் தள்ளும் விசை குறைந்து, வளையங்கள் சுவரை வழிக்கவில்லை. பொருத்தும்போது ஒரு நிமிடத்தில் நேரும் தவறு இது. 2,000 கிலோமீட்டரில் 2,300 மில்லிலிட்டர் எண்ணெயைக் குடித்தது இந்தச் சிறு துண்டால்தான்.

நான்கு பிஸ்டனுக்கும் புதிய ரிங் போட்டு, சிலிண்டர் சுவரில் மீண்டும் குறுக்குக் கோடு கீறினார்கள். கூலியும் ரிங்கும் பட்டறையின் செலவு. கேஸ்கட், எண்ணெய், வடிகட்டி என் செலவு. அடுத்த ஆயிரம் கிலோமீட்டரில் 250 மில்லிலிட்டர், அதற்கடுத்த ஆயிரத்தில் 100.

வேகக் காரில் எண்ணெய் எரிவதைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவது ஆபத்து. எரிபொருளோடு எண்ணெய் கலந்தால் அதன் ஆக்டேன் குறைந்து இன்ஜின் தட்டத் தொடங்கும். எண்ணெயில் உள்ள பாஸ்பரஸ் புகை வடிகட்டியைக் கெடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அளவு தெரியாமல் குறைந்து, வளைவில் பம்பு காற்றை உறிஞ்சினால் பேரிங் போகும். 7,800 வெள்ளியும் அதோடு போகும்.

பட்டறைக்குப் போகும் முன்

இன்ஜின் செய்யக் கொடுக்கும்போதே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பொருள்வாரியாக எழுதிய ரசீது, உத்தரவாதக் காலம், மூடுவதற்கு முன் எடுத்த படங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரிலிருந்தே எண்ணெய்க் கணக்கை எழுதுங்கள். பேச்சில் தீராவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே கொண்டுபோகலாம். அங்கேயும் முதலில் கேட்பது ஆதாரத்தைத்தான்.

அதற்கு ஒரு சின்னக் குறிப்பேடும், ஒரு பேனாவும், ஓர் அளவுக் குவளையும் போதும். வண்டியின் டேஷ்போர்டு அறையில் இன்றே வைத்துவிடுங்கள்.