புதினம் தரும் சொற்செல்வம்

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் நிகண்டை மனப்பாடம் செய்துதான் சொற்களைப் பெருக்கிக்கொண்டார்கள். எங்கள் சமணப் பெரியவர் மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு 12 தொகுதிகள் கொண்டது. ஒரு பொருளுக்குரிய பல பெயர்கள் அதில் கிடைக்கும். ஆனால், ஒரு சொல் வாக்கியத்தில் எப்படிப் புழங்குகிறது என்று தெரிய வேண்டுமானால் கதைதான் படிக்க வேண்டும்.

கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வ'னையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலேயே வீரநாராயண ஏரிக்கு 74 கணவாய்கள் என்று வருகிறது. கணவாய் என்றால் மலையிடை வழி என்றல்லவா பூகோளத்தில் படித்தோம்? ஏரிக்கு ஏது கணவாய்? உடனே அகராதிக்கு ஓட வேண்டாம். முன்பின் வரிகளைப் பாருங்கள். ஏரித் தண்ணீர் அதன் வழியே வெளியேறுகிறது. ஆகவே மதகுதான் என்று தானே விளங்கிவிடும்.

எங்கள் பிச்சாட்டூரில் ஆரணியாற்று அணை இருக்கிறது. மதகைத் தெலுங்கில் தூமு என்பார்கள். தமிழிலும் தூம்பு என்ற பழஞ்சொல் உண்டு. தெலுங்கு மீடியத்தில் படிக்கும் என் பேரனுக்கு மதகு, தூம்பு, கணவாய் மூன்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தேன். அவன் மறக்கவில்லை.

வெளிமாநிலத்தில் நம்ம வீட்டுத் தமிழ் சாப்பாடு, கடைகண்ணி என்ற அளவில் சுருங்கிவிடுகிறது. அதற்கு மருந்து, தினம் ஒரு பக்கம் நாவலை உரக்கப் படிப்பதே. புதுச் சொல்லை அடிக்கோடிட்டு, முதலில் பொருளை ஊகிக்க வேண்டும். பிறகு அகராதியில் சரிபார்த்து, அன்றைக்கே வீட்டுப் பேச்சில் ஒருமுறை சொல்லிவிட வேண்டும். பேச்சில் ஏறிய சொல்தான் நிலைக்கும்.