காணாதவற்றைக் கணக்கிடுதல்

நாஞ்சில் நாட்டின் தேரூர்க் குளக்கரையில் நின்றால் நீர்ப்பறவைகளைக் கண்ணால் கண்டு எண்ணலாம். அதே மாவட்டத்தின் மலைக்காடுகளில் வாழும் புலியை அவ்வாறு எண்ண இயலுமா? பூனைக் குடும்பத்து விலங்குகள் பெரிதும் இரவில் உலவுவன, மறைந்து வாழ்வன. அவற்றை முழுமையாக எண்ணுதல் அரிது, மதிப்பிடவே இயலும்.

மதிப்பீடு என்பது ஊகம் அன்று. குளத்தில் 100 மீன்களைப் பிடித்து, குறியிட்டு, மீண்டும் விடுவதாகக் கொள்வோம். சில நாள் கழித்துப் பிடித்த 80 மீன்களுள் 10 குறியுடையவை எனில், எட்டில் ஒரு பங்கு குறியுடையது. ஆகவே, குளத்து மீன்கள் ஏறத்தாழ 800 ஆகும். இதுவே ‘குறியிட்டு மீளப் பிடித்தல்’ முறை.

புலிக்குக் குறியிட வேண்டியதில்லை. ஒரு புலியின் வரிகள் மற்றொன்றற்கு அமைவதில்லை. காட்டுப் பாதைகளில் பொருத்தப்படும் தானியங்கிக் கேமராக்களின் படங்களில், முன்பு பதிவான புலி மீண்டும் பதிவாவதே ‘மீளப் பிடித்தல்’ ஆகிறது. உல்லாஸ் கரந்த் என்னும் அறிஞர் 1990களில் கர்நாடகத்தின் நாகரகொளெக் காட்டில் இம்முறையைக் கையாண்டார்.

இம்முறைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. கணக்கெடுப்புக் காலத்தில் விலங்குகளின் தொகை மாறுதல் கூடாது. குறி அழிதல் கூடாது. எல்லா விலங்குகளும் அகப்படும் வாய்ப்பு ஒத்திருத்தல் வேண்டும். ஒருமுறை அகப்பட்டது பொறியை அஞ்சி விலகினால் மதிப்பு உண்மையினும் மிகும். இரைக்காக மீண்டும் மீண்டும் வந்தால் குறையும்.

தவறான கணக்கின் விலை பெரிது. இராசத்தானின் சரிஸ்கா காப்பகத்தில், காலடித் தடங்களைக் கொண்டு எடுத்த கணக்குகள் புலிகள் உள்ளனவென்றே காட்டிவந்தன. 2005இல் அங்கு ஒரு புலியும் எஞ்சவில்லை என்பது வெளிப்பட்டது. அதன்பின் நாடு முழுவதும் கேமரா முறை பரவியது. 2022ஆம் ஆண்டு மதிப்பீடு, இந்தியப் புலிகளின் சராசரித் தொகை 3,682 என்றும், மேல் எல்லை 3,925 என்றும் கூறுகிறது. எல்லையையும் உடன் கூறுவதே நேர்மையான மதிப்பீடு.

காப்பதற்கு மட்டுமன்றி, அகற்றுவதற்கும் கணக்கு வேண்டும். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள மரியன் தீவிற்கு, எலிகளை ஒழிக்க 1949இல் ஐந்து பூனைகள் கொண்டுசெல்லப்பட்டன. 1977இல் அவை ஏறத்தாழ 3,400 ஆகப் பெருகி, ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான கடற்பறவைகளைக் கொன்றதாக மதிப்பிடப்பட்டது. பல்லாண்டு முயற்சிக்குப் பின், 1991இல் தீவு பூனைகளற்றதாயிற்று.

ஓரிடத்தில் காக்கவும், மற்றோரிடத்தில் அகற்றவும் எடுக்கும் முடிவுகள் எண்ணையே சார்ந்துள்ளன. எண் பிழைத்தால் உயிர் பிழைத்தல் அரிது.