ஓய்வுக் காலமும் ஒரு நாள் உலாவும்

அலுவலகத்தில் ஓய்வு என்பது ஒரே மாலையில் நடந்து முடிந்துவிடுகிறது. மாலை, சால்வை, பாராட்டுரை, குழுப்படம். மறுநாள் காலையில் கடிகாரம் வழக்கம்போல் ஓடுகிறது. போக வேண்டிய இடம் மட்டும் இல்லை. தமிழக அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அதன் பின் வரும் ஆண்டுகளைக் கணவனும் மனைவியும் எங்ஙனம் கழிப்பது? பயணத்தின் மூலம் இதற்கு விடை காண இயலுமா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீடும் வண்டியும்

‘காரவான்’ என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பாலைவனத்தில் கூட்டமாகச் செல்லும் வணிகர் குழுவை அது முதலில் குறித்தது. பின்னர், படுக்கையும் அடுப்பும் கொண்ட வீட்டு வண்டிக்குப் பெயராயிற்று. 1885-இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் இரண்டு குதிரைகள் இழுக்கும் அத்தகைய வண்டியொன்றில் இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை இன்பப் பயணம் சென்றார். இன்று ஆஸ்திரேலியாவில் ஓய்வு பெற்ற தம்பதியர் பலர் மாதக் கணக்கில் இவ்வாறு கண்டத்தைச் சுற்றி வருகின்றனர். ‘நரைத்தலை நாடோடிகள்’ என்பது அங்கே அவர்களுக்கு வழங்கும் பெயர்.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. கேரள அரசு 2021-இல் காரவான் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அதன் முதல் காரவான் பூங்கா 2022-இல், குமுளி அடங்கிய அதே இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் திறக்கப்பட்டது.

நம் முன்னோரும் இம்முறையை அறிந்தவர்களே. கூண்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அரிசி பருப்பு ஏற்றி, திருவிழாவுக்குச் சென்று, மரத்தடியில் மூன்று கல் கூட்டிச் சமைத்து உண்டனர். ஆனால் அந்த அடுப்பின் முன் அமர்ந்தவர் யார்? வீட்டில் சமைத்த அதே பெண்தான். வீட்டு வண்டியிலும் சமையலறை கூடவே வருகிறது. கணவருக்கு ஓய்வு பெறும் தேதி உண்டு. மனைவிக்கு அப்படி ஒரு தேதியை எந்த அரசாணையும் குறிப்பதில்லை. ஆகவே ஓய்வுக் காலப் பயணம் இருவருக்கும் ஓய்வு தர வேண்டும் என்பதே முதல் விதியாகும். காலையில் கிளம்பி, வெளியே உண்டு, மாலையில் திரும்பும் ஒரு நாள் உலா நம் சூழலுக்கு மிகவும் ஏற்றது எனலாம். கட்டுச்சோறு வேண்டுமென்று விடியுமுன்பே அவரை எழுப்பினால் இந்த விதி அன்றே முறிந்துவிடும்!

காமயகவுண்டன்பட்டியிலிருந்து

இத்தகைய உலாவுக்குக் காமயகவுண்டன்பட்டி மிகவும் வாய்ப்பான ஊர். ஊருக்குள்ளேயே காந்தியடிகளுக்குக் கோயில் இருக்கிறது. அருகிலுள்ள சுருளி அருவிக்கு ஒரு காலைப் பொழுது போதும். ஆடி அமாவாசையன்று முன்னோருக்கு நீர்க்கடன் செலுத்தப் பெருங்கூட்டம் கூடுமாதலால், முதியோர் மற்ற நாட்களில் செல்வது நலம். வெள்ளப் பெருக்கின்போதும் யானை நடமாட்டத்தின்போதும் வனத்துறை குளிக்கத் தடை விதிப்பதுண்டு. எனவே விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

அடுத்த மூன்று உலாக்களை நீர் செல்லும் வழியிலேயே அமைத்துக்கொள்ளலாம். முதல் நாள் குமுளியும் தேக்கடியும். தேக்கடி ஏரி, 1895-இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையால் உண்டானது. அந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வந்து, லோயர்கேம்ப்பில் மின்சாரம் தந்து, நம் வயல்களில் பாய்கிறது. பென்னிகுவிக்குக்கு அங்கே 2013-இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. திரும்பும் வழியில் பார்க்கலாம். இரண்டாம் நாள், முல்லையாற்றங்கரையிலுள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில். மூன்றாம் நாள், அந்நீர் வைகையுடன் கலந்து தேங்கும் வைகை அணை. இது 1959-இல் திறக்கப்பட்டது. ஆயுள் முழுதும் அந்த நீரில் நெல் நட்ட கைகள் அதன் தொடக்கத்தையும் தேக்கத்தையும் காண்பது எத்துணைப் பொருத்தம்!

சில இடங்களுக்கு எச்சரிக்கை தேவை. மேகமலைச் சாலையில் வளைவுகள் மிகுதி. தலைச்சுற்றல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுச் செல்லலாம். மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒரு முறை, சித்திரை முழுநிலவன்று மட்டுமே திறக்கப்படுகிறது. அங்கே மலையேற்றம் கடினம். ஒரு நாளுக்கு ஓர் இடம் என்பதே முதுமைக்கேற்ற கணக்கு.

பணமும் மனமும்

பணம் எங்கே என்று கேட்பவர்களுக்குக் கொச்சியில் ஒரு விடை உண்டு. அங்கே தேநீர்க் கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியர் நாள்தோறும் 300 ரூபாய் ஒதுக்கியும், போதாதபோது கடன் பெற்றும், 2007 முதல் இருபத்தாறு நாடுகளைக் கண்டனர். ரஷ்யாவிலிருந்து திரும்பிய சில வாரங்களில், 2021 நவம்பரில், விஜயன் காலமானார். அவர் கண்ட ஒவ்வொரு நாட்டையும் மோகனாவும் உடன் நின்று கண்டார் என்பதே இவ்வரலாற்றின் சிறப்பு.

நம் உலாவுக்கு அத்தனை சேமிப்பும் வேண்டாம். தமிழகத்தில் 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கப்பட்டது. பல குடும்பங்களில் தடையாய் நிற்பது பணமன்று, பழக்கமே. “வீட்டை யார் பார்த்துக்கொள்வது?” என்ற ஒரு கேள்வியே நம் தாய்மாரைக் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் அப்பால் செல்லவிடாமல் தடுக்கிறது.

மாணவ நண்பர்களே! அந்தக் கேள்விக்கு விடை நாம்தான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டையும் அடுப்பையும் நாம் ஏற்றுக்கொண்டால், தாத்தாவும் பாட்டியும், அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பேருந்தில் ஏறலாம். முழங்கால் வலி முந்திக்கொள்ளும் முன் அதைச் செய்வோமாக.