பூச்சி விழுந்த பிறகு கோழியைத் தேற்றுவது எப்படி?

"பூச்சி மருந்து கொடுத்தாச்சுங்க. புழுவும் விழுந்துடுச்சு. ஆனா கோழி தேறவே மாட்டேங்குதே!"

புக்கிட் ரோத்தானாக இருந்தாலும் சரி, பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கமாக இருந்தாலும் சரி, வீட்டுக்குப் பின்னால் நாலு நாட்டுக்கோழி வளர்க்கும் நம் மக்கள் அடிக்கடி சொல்லும் குறை இது. மனிதனுக்கு மருந்து கொடுப்பவன் கோழியைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். அந்தக் கோழி இடும் முட்டைதான் நம் பிள்ளைகளின் தட்டுக்கு வருகிறது. சம்பள நாளுக்கு முன்னால் கை வறண்டு நிற்கும்போது ஒரு சேவலை விற்றால் வீட்டுச் செலவுக்கு ஆகிறது. ஆகவே இதுவும் சுகாதாரப் பகுதிக்கு உரிய விஷயமே.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மருந்து புழுவைத்தான் கொல்லும். புழு செய்த சேதத்தை அது சரிசெய்யாது. இரண்டு மூன்று அங்குல நீளத்தில் வெள்ளையாக இருக்கும் உருண்டைப் புழு, கோழி தின்னும் தீனியில் பங்கு போடுகிறது. அதன் குஞ்சுப் புழுக்கள் குடலின் உட்சுவரைக் குடைந்து புண்ணாக்குகின்றன. புண்பட்ட குடல் சத்தை உறிஞ்சாது. அதனால்தான் புழு விழுந்த பிறகும் கொண்டை வெளுத்து, நெஞ்செலும்பு கத்தி போல் துருத்திக்கொண்டு கோழி தூங்கி வழிகிறது. புண் ஆற நாளாகும், சத்தும் வேண்டும்.

முதல் மூன்று நாள்

மருந்து கொடுத்த கோழியை வெளியே விடாமல் இரண்டு மூன்று நாள் தனிக் கூண்டில் வையுங்கள். எச்சத்தோடு விழும் புழுவையும் முட்டையையும் தினமும் கூட்டி அள்ளி ஆழப் புதைத்துவிடுங்கள். அப்படியே விட்டால் புழுவின் முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மற்றக் கோழிகள் அதைக் கொத்தித் தின்னும். பிறகு கதை முதலிலிருந்து ஆரம்பம்.

கழிச்சல் இருந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சீனியும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்து ஒரு நாள் மட்டும் வைக்கலாம். உப்பைக் கூட்டிவிடாதீர்கள். உப்பு அதிகமானால் கோழி செத்துப்போகும். தண்ணீர் வைக்கும் பாத்திரத்திலும் கவனம் வேண்டும். களைக்கொல்லி வந்த டின்னை எத்தனை முறை கழுவியிருந்தாலும் வெட்டித் தண்ணீர் வைக்கக் கூடாது.

தவிட்டின் மகிமை

தேறுவதற்கு என்ன தீனி? இதற்கு விடை சொன்னதே ஒரு கோழிக் கூட்டம்தான். 1890ஆம் ஆண்டு வாக்கில் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) எய்க்மான் என்ற டச்சு டாக்டர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகள் திடீரென்று கால் தள்ளாடி விழுந்தன. ஆஸ்பத்திரியில் மிஞ்சிய தீட்டிய வெள்ளை அரிசிச் சோற்றை மட்டும் தின்று வந்த கோழிகள் அவை. தீட்டாத அரிசியைப் போட்டதும் எழுந்து நடந்தன. தவிட்டில் ஒரு சத்து இருக்கிறது என்பது இப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. அதையே இன்று வைட்டமின் பி1 என்கிறோம். 1929இல் எய்க்மானுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம் நாட்டிலும் இது மெய்ப்பட்டது. 1905இல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் பிளெட்சர், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும் மறு பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி சாப்பிட்டவர்களைப் பெரிபெரி பிடித்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்டவர்கள் தப்பினார்கள். நம் பாட்டன் பூட்டன் புழுங்கல் சோறு தின்றது வீண் போகவில்லை.

ஆகவே தேறி வரும் கோழிக்கு வெறும் சோறு போதாது. தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல் பக்கத்தில் ஆலைத் தவிடு கிடைக்கும். சிக்கு வாடை அடிக்காத புதுத் தவிடாகப் பார்த்து வாங்கிக் கஞ்சியில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை வையுங்கள்.

சதை பிடிக்கப் புரதம் வேண்டும். அவித்த முட்டையை நசுக்கிப் போடலாம். நெத்திலிக் கருவாட்டின் தலையை ஊறவைத்து, உப்புப் போகக் கழுவி, இடித்துப் போடலாம். தவ்பூ செய்யும் இடத்தில் கிடைக்கும் சோயாச் சக்கையும் நல்லது. ஆனால் அன்றைக்கே தின்று தீர வேண்டும். குடல் புண் ஆற வைட்டமின் ஏ உதவும். அதற்கு முருங்கைக் கீரை, பூசணி, கங்கோங் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் போடுங்கள்.

இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது 1917இல், நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். அந்தச் செம்பனையின் கொட்டைப் பிண்ணாக்கும் கால்நடைத் தீவனமாகிறது. ஆனால் அதில் நார் அதிகம். குடல் புண்ணோடு இருக்கும் கோழிக்கு இப்போது வேண்டாம். தேறிய பிறகு சிறிதளவு சேர்க்கலாம்.

முட்டைக் கோழிக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை. கெராங் ஓடு நம் பக்கத்தில் தாராளம். அதைக் காயவைத்து இடித்துத் தனிச் சட்டியில் வைத்தால் வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும். குஞ்சுகளின் தீனியில் அதைக் கலக்காதீர்கள். அவற்றின் சிறுநீரகம் கெட்டுவிடும்.

வைட்டமின் தூள் வாங்குபவர்களுக்கு

தண்ணீரில் கலக்கும் வைட்டமின் தூளைக் கோழிக்கென்று விற்பதாகப் பார்த்து வாங்குங்கள். பொட்டலத்தில் போட்ட அளவு, போட்ட நாள், அதற்கு மேல் வேண்டாம். தினமும் காலையில் புதிதாகக் கலக்கி நிழலில் வையுங்கள். வெயில் பட்டால் சத்துக் கெடும். இரண்டு பங்கு போட்டால் இரண்டு பங்கு வேகத்தில் தேறும் என்று எண்ணாதீர்கள். ஏ, டி வைட்டமின்கள் அளவு மீறினால் உடம்பில் தங்கி விஷமாகும்.

இரத்தக் கழிச்சலுக்கு வேறு கணக்கு. அது பெரும்பாலும் புழுவால் வருவதல்ல. காக்சிடியா என்ற கண்ணுக்குத் தெரியாத கிருமியால் வருவது. அதற்குப் புழு மருந்து பயன்படாது. ஆம்ப்ரோலியம் போன்ற மருந்து வேண்டும். ஆம்ப்ரோலியம் அந்தக் கிருமிக்குப் பி1 சத்துக் கிடைக்காமல் தடுத்துத்தான் அதைக் கொல்கிறது. அந்த நாட்களில் பி1 கலந்த தூளையும் சேர்த்துக் கொடுத்தால் மருந்து வேலை செய்யாது. மருந்து முடிந்த பிறகு கொடுங்கள். காக்சிடியா ஈரத்தில்தான் பெருகும். ஆகவே கூண்டில் மரத்தூள் போட்டு, நனைந்ததை அள்ளி, தரை காய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் மருந்து

பிப்பெரசின் மருந்து குடலில் கிடக்கும் பெரிய உருண்டைப் புழுவைத்தான் தள்ளும். சுவருக்குள் ஒளிந்திருக்கும் குஞ்சுப் புழு தப்பிவிடும். அதனால் பொட்டலத்தில் சொன்ன நாளில் மறுபடியும் கொடுக்க வேண்டும். நாடாப் புழுவுக்குப் பிப்பெரசின் உதவாது. எறும்பையும் வண்டையும் தின்பதால் வருகிற புழு அது. அதற்கு எந்த மருந்து என்று கால்நடை சேவைத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

கிளினிக்கில் பிள்ளைக்குக் கொடுத்த பூச்சி மாத்திரையையும், கர்ப்பிணிக்குக் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் கோழிக்குப் போடவே கூடாது. அளவு தெரியாமல் போட்டால் கோழிக்கும் கேடு, மருந்து இல்லாமல் போகும் பிள்ளைக்கும் தாய்க்கும் கேடு. அதேபோல், மருந்து தின்ற கோழியின் முட்டையையும் இறைச்சியையும் எத்தனை நாள் தவிர்க்க வேண்டும் என்று பொட்டலத்தில் போட்டிருக்கும். அந்த நாள் கழியும்வரை பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள். கோழியின் உருண்டைப் புழு மனிதனுக்கு வராது. ஆனால் அதன் எச்சத்தில் உள்ள சால்மொனெல்லா கிருமி பேதியை உண்டாக்கும். கூண்டைத் தொட்டால் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

தேறுகிறதா என்று எப்படித் தெரியும்? வாரம் ஒருமுறை தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். எடை கூடி, கொண்டை சிவந்து, எச்சம் கெட்டிப்பட்டால் நல்ல வழியில் போகிறது என்று பொருள். முட்டை திரும்பச் சில வாரங்கள் ஆகலாம். இரண்டு வாரமாகியும் எடை ஏறாவிட்டால் டானிக் மேல் டானிக் வாங்கிக் காசைக் கரைக்காமல் கால்நடை அலுவலகத்துக்குப் போங்கள்.

கோழிகள் திடீரென்று கூட்டமாகச் செத்தால் அது புழுவால் அல்ல. 2007 ஜூனில் நம் சிலாங்கூரிலேயே, சுங்கை பூலோ பாயா ஜாராசில் பறவைக் காய்ச்சல் வந்ததை மறக்காதீர்கள். செத்ததையும் சாகக் கிடப்பதையும் அறுத்துச் சமைக்காமல், வெறுங்கையால் தொடாமல், உடனே தகவல் கொடுங்கள். நாலு கோழி போனால் மறுபடியும் வாங்கலாம். வீட்டில் ஓர் உயிர் போனால் எங்கே போய் வாங்குவது?