ஏற்றத்தில் நிற்கும் மோட்டார் வண்டி

நோயாளி வைத்தியரின் எதிரே அமர்ந்தவுடன் காய்ச்சல் தணிந்துவிடுவதுண்டு. பழைய மோட்டார் வண்டிகளுக்கும் இந்தக் குணம் உண்டு. தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையேயுள்ள ஏற்றத்தில் மூன்று முறை நின்று, பிள்ளைகுட்டிகளை மழையில் இறங்கித் தள்ளவைத்த வண்டி, மறுநாள் கராஜ் வாசலில் ஒரு குறையுமின்றி ஓடிக் காட்டும். “வண்டியில் பழுதொன்றும் இல்லையே!” என்பார் மெக்கானிக். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே ஏற்றத்தில் அது மறுபடியும் நிற்கும்.

நிலையாக இருக்கும் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து மறையும் பழுதைப் பிடிப்பதுதான் அரிது. அதற்கும் ஒரு முறை உண்டு. அம்முறையை நமது மலைநாட்டு வீதிகளை முன்வைத்தே இங்கு ஆராய்வோம்.

இது வெறும் பொழுதுபோக்குக்காரரின் பிரச்சினையன்று. 2020 மார்ச்சில் இலங்கையில் தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இந்த இடைக்காலத்தில் இருந்த வண்டியையே பேணி ஓட்டவேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டது. நள்ளிரவில் பிரசவ வேதனை கண்ட பெண்ணையோ, கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டிய தொழிலாளியையோ தோட்டத்திலிருந்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வது அநேகமாக அயலில் உள்ள ஒரு பழைய வண்டியே. அது நடுவழியில் நின்றால் ஏற்படும் நட்டம் பணத்தால் அளக்கக்கூடியதன்று.

மலை செய்யும் மாற்றம்

உதாரணமாக மொரிஸ் மைனரை எடுத்துக்கொள்வோம். அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971இல் உற்பத்தி முடியும்வரை சுமார் 16 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. இலங்கையில் குடும்பக் காராகவும் வாடகைக் காராகவும் ஓடிய இவ்வண்டியை இன்றும் நம் வீதிகளில் காணலாம். இதன் அமைப்பு எளியது. ஆதலால் இதைக் கொண்டு கற்பது அக்காலத்து ஏனைய பெற்றோல் வண்டிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

அவிசாவளையிலிருந்து புறப்படும் கார் கித்துல்கலையையும் கினிகத்தேனையையும் கடந்து ஹட்டனை அடைகிறது. அங்கிருந்து கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறது. தாழ்நிலத்தில் தொடங்கிய பயணம் 1,868 மீட்டர் உயரத்தில் முடிகிறது. அவ்வுயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. காற்று குறைவதால் எஞ்சினின் வலுவும் 300 மீட்டருக்குச் சுமார் நூற்றுக்கு மூன்று வீதம் குறைந்துகொண்டே போகிறது. தண்ணீரும் 100 பாகையில் கொதிப்பதில்லை. நுவரெலியாவில் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது.

வெளியே குளிராக இருக்கிறதே, எஞ்சின் எப்படிச் சூடேறும் என்று கேட்கலாம். இரண்டாம் கியரில் எஞ்சின் வேகமாகச் சுழல, வண்டியோ மெதுவாக ஊர்கிறது. ரேடியேட்டருக்கு எதிர்காற்று போதாது. ஆகவே ஏற்றமே எஞ்சினுக்குக் கடும் வெயில். மட்டமான வீதியில் மறைந்திருந்த பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது.

நின்ற விதத்தைக் கவனியுங்கள்

முதலில் கவனிக்கவேண்டியது எஞ்சின் எவ்வாறு நின்றது என்பது. விளக்கை அணைத்தாற்போலச் சட்டென்று நின்றால், பெரும்பாலும் மின்சாரப் பகுதியில் குறை. இருமி, திணறி, வலுவிழந்து மெல்ல மெல்ல அடங்கினால், பெற்றோல் போதியளவு வந்து சேரவில்லை என்று ஐயுறலாம். இவ்விதி எப்போதும் தப்பாது என்று சொல்லமுடியாது; ஆயினும் தேடலைத் தொடங்கவேண்டிய திசையை இது காட்டும்.

“இருபது நிமிடம் ஆறவிட்டால் மறுபடியும் ஓடுகிறது” என்று பலர் சொல்வர். இதைக் கேட்டவுடன் கொயிலை மாற்றுவது வழக்கம். ஆனால் இந்த ஒரே அறிகுறிக்கு நான்கு காரணங்களாவது உண்டு. கொயிலோ கண்டென்சரோ சூட்டினால் செயலிழந்து, ஆறியபின் மீண்டிருக்கலாம். எஞ்சின் சூட்டில் பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி வழியை அடைத்திருக்கலாம். தாங்கியின் மூடியிலுள்ள சிறு காற்றுத் துவாரம் அடைபட்டு, உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெற்றோலை வரவிடாமல் தடுத்திருக்கலாம். தாங்கியின் அடியிலுள்ள துருவும் வண்டலும் குழாய் வாயை அடைத்து, வண்டி நின்றபின் விலகியிருக்கலாம். ஆகவே ஆறினால் ஓடுகிறது என்பது விடையன்று. நான்கு விடைகளைக் கொண்ட வினாவாகும்.

இவற்றைப் பிரித்தறிய உகந்த வேளை வண்டி நின்றிருக்கும் அந்தச் சில நிமிடங்களே. வண்டியைப் பாதுகாப்பாக ஓரத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்தபின், முதலில் தாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கப்பட்டு, அதன்பின் எஞ்சின் ஓடினால் கள்வன் அகப்பட்டான். இல்லையேல் மூடியை இறுக மூடிவிட்டு, ஒரு பிளக்கைக் கழற்றி அதன் வயரில் மாட்டி, எஞ்சினின் இரும்பில் படும்படி வைத்து, எஞ்சினைச் சுழற்றச் செய்யுங்கள். வலுவான நீலப் பொறி தெரிந்தால் மின்சாரம் பெரும்பாலும் குற்றமற்றது. பொறி இல்லையெனில், அல்லது மங்கலாக இருந்தால், கொயில், கண்டென்சர், பொயின்ட், வயர் என்ற வரிசையில் தேடவேண்டும். பொறியின் மின்னழுத்தம் பல்லாயிரம் வோல்ட் ஆகையால் வயரை வெறுங்கையால் பிடிக்கலாகாது. அருகில் பெற்றோல் சிந்தியிருந்தால் இச்சோதனையைச் செய்யவே கூடாது. ரேடியேட்டர் மூடியைச் சூடாக இருக்கையில் திறப்பதும் ஆபத்து.

மைனரின் மூன்று மர்மங்கள்

மொரிஸ் மைனரில் பெற்றோலை இழுப்பது மின்சாரத்தால் இயங்கும் எஸ்.யூ. பம்ப். சாவியைத் திருப்பியவுடன் ‘டிக் டிக்’ என்று விரைவாக ஒலித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் அது அடங்கிவிடும். ஓயாமல் ஒலித்தால் தாங்கி வெறுமையாயிருக்கலாம், அல்லது எங்கோ காற்று நுழைகிறது. பெற்றோல் தேவைப்படும் வேளையிலும் ஒலியே இல்லையெனில் பம்பின் பொயின்ட்கள் தீய்ந்திருக்கலாம். மரக்கைப்பிடியால் மெதுவாகத் தட்டினால் இந்தப் பம்ப் உயிர்பெறுவதுண்டு. அது வீடு சேர்வதற்கான உபாயம் மட்டுமே, பழுது தீர்ந்துவிடவில்லை.

இரண்டாவது, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் ஒரு சிறு வயர். பெடலை மிதிக்குந்தோறும் உள்ளிருக்கும் தட்டு சற்றே அசையும். அதனுடன் இவ்வயரும் வளையும். ஆண்டுக்கணக்கில் வளைந்து, மேலுறை முழுதாயிருக்க உள்ளே கம்பி அறுந்துவிடும். நின்ற நிலையில் முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். ஏற்றத்தில் பெடலை அழுத்தியதும் பிரியும். கராஜில் ஒழுங்காக ஓடி, மலையில் நிற்கும் வண்டியின் இரகசியம் சிலவேளைகளில் இரண்டு அங்குல நீளமும் இல்லாத இவ்வயரில் அடங்கியிருக்கிறது.

மூன்றாவது, நமது மூடுபனி. ஈரம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மீது படிந்தால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வேறு வழியில் கசியும். காலையில் அடம்பிடித்து, பத்து மணிக்குமேல் நன்றாய் ஓடும் வண்டியில் இதைச் சந்தேகிக்கலாம். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் கசியுமிடத்தில் நீலக் கீற்றுகள் மின்னும். மூடியை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய விரிசலோ கரிக்கோடோ உண்டா என்று பார்க்கவேண்டும்.

ஓர் அப்பியாசக் கொப்பி

இவ்வளவுக்கும் வேண்டிய முதற்கருவி ஓர் அப்பியாசக் கொப்பியே. வண்டி நின்ற ஒவ்வொரு முறையும் நாள், இடம், மழையா வெயிலா, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, தாங்கியில் எவ்வளவு பெற்றோல் இருந்தது, எப்படி நின்றது, எப்படி மீண்டது என்பவற்றை அதில் எழுதிவையுங்கள். ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்ததும், தற்செயல் என்று தோன்றியவற்றுக்குள் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். கால் தாங்கிக்குக் குறையும்போது மட்டும் நிற்கும் வண்டிக்கும், மழைநாளில் மட்டும் நிற்கும் வண்டிக்கும் மருந்து ஒன்றாக இருக்கமுடியாது.

ஒரு வேளையில் ஒரு பொருளை மட்டுமே மாற்றவேண்டும். கொயில், கண்டென்சர், பம்ப் மூன்றையும் ஒரே நாளில் மாற்றி வண்டி ஓடினால், எது குற்றவாளி என்று தெரியாது; இரண்டு பொருள்களின் விலையும் வீண். கழற்றிய பழைய பொருளை வீசாமல் வைத்திருங்கள். புதியது என்பதனாலேயே அது நல்லதாகிவிடாது. சந்தையில் வாங்கிய புதுக் கண்டென்சர் சில நாள்களில் பழுதாவதும் உண்டு.

நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே அதைத் தணிக்கும் வழியை நாடவேண்டும் என்று வள்ளுவர் மருத்துவனுக்கு உரைத்தார். கராஜிலும் அதுவே நெறி. விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் இதில் தம் பாடசாலைப் பாடத்தையே காண்பர்: அவதானித்தல், ஊகித்தல், ஒரு காரணியை மட்டும் மாற்றிச் சோதித்தல். வீட்டிலுள்ள பிள்ளையிடமே அந்தக் கொப்பியை ஒப்படைக்கலாம். அடுத்த முறை மெக்கானிக்கிடம் செல்லும்போது “சிலவேளை நிற்கிறது” என்று சொல்லவேண்டியிராது. எந்த இடத்தில், எந்த நிலையில், எவ்வாறு நிற்கிறது என்று சொல்லமுடியும். பாதிப் பழுது அப்போதே தீர்ந்ததாகக் கொள்ளலாம்.