பொன்னுக்கு வீங்கியும் கண்டமாலையும்: உமிழ்நீர்ச் சுரப்பிக் காசநோய் - ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

காதடி வீக்கத்தைப் பொன்னுக்கு வீங்கி என்றும், கழுத்தில் தொடராக எழும் கட்டிகளைக் கண்டமாலை என்றும் தமிழ் மக்கள் பிரித்து வழங்குவர். காசநோய் காதடிச் சுரப்பியைத் தாக்கும்போது இப்பாகுபாடு நோயை மறைத்துவிடக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: காசநோய், உமிழ்நீர்ச் சுரப்பி, கண்டமாலை, பொன்னுக்கு வீங்கி, தேனி.

முன்னுரை

காசநோய் என்றவுடன் இருமலே நினைவிற்கு வரும். ஆயின் அந்நோய் நுரையீரலுக்கு வெளியேயும் தோன்றும். நிணநீர்க்கணுக்களில் அது மிகுதி. உமிழ்நீர்ச் சுரப்பிகளில் மிக அரிது. காதடிச் சுரப்பிக் காசநோயை 1893இல் தே பவோலி முதன்முதலாகப் பதிவு செய்தார்.

பெயர் மறைக்கும் நோய்

பொன்னுக்கு வீங்கி நச்சுயிரியால் வருவது. அதற்குக் கழுத்தில் பொன்னகை அணிவிப்பது தமிழகத்தின் பழைய வழக்கம். வீக்கம் பெரும்பாலும் 10 நாள்களுக்குள் தானே வற்றுவதால் பொன்னின் மீதான நம்பிக்கையும் நிலைத்தது. தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லாமையால் இன்றும் இது பரவலாகக் காணப்படுகிறது. எனவே அல்லிநகரத்திலோ கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூரிலோ ஒருவர்க்குக் காதடி வீங்கினால் இப்பெயரே முதலில் நாவில் எழுவது இயல்பு. காசநோய் வீக்கமோ வற்றுவதில்லை. வலியின்றி, பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும், வாரக்கணக்கில் மெல்ல வளர்கிறது.

சுரப்பியின் அமைப்பு

உமிழ்நீரின் இடையறாத ஓட்டமும் அதிலுள்ள நுண்ணுயிர் எதிர்ப்புப் பொருள்களும் சுரப்பிகளைக் காக்கின்றன. இந்நோய் அரிதாக இருப்பதற்கு இவையே காரணமாகக் கூறப்படுகின்றன. எனினும் காதடிச் சுரப்பியின் உறைக்குள்ளேயே நிணநீர்க்கணுக்கள் அமைந்துள்ளன. வாய், தொண்டை வழி நுழையும் கிருமி நிணநீரின் வழியே அக்கணுக்களை அடையலாம். நுரையீரலிலிருந்து குருதி வழியாகவும் வரலாம். அந்நிலையில் காதடி வீக்கமும் கண்டமாலையின் இனத்தைச் சார்ந்ததே.

நோயறிதல்

மார்பு ஊடுகதிர்ப் படம் இயல்பாக இருக்கலாம், காய்ச்சலும் இல்லாதிருக்கலாம். இதனால் இக்கட்டி புற்றுக்கட்டியோ என ஐயுறப்பட்டு, அறுவை மருத்துவத்தில் அகற்றிய பின்னரே காசநோய் எனத் தெரிந்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பல. முகத்தை இயக்கும் நரம்பு இச்சுரப்பியினூடே செல்வதால் தேவையற்ற அறுவை முகவாதத்திற்கும் இட்டுச்செல்லக்கூடும். நுண்ணூசியால் திசுநீர் எடுத்து உயிரணுக்களை ஆராய்வதும், அதனையே சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்புவதும் இவ்விடரைத் தவிர்க்க உதவும். சிபிநாட் ரிஃபாம்பிசின் எதிர்ப்பையும் காட்டும். கிருமிகள் குறைவாக இருப்பதால், கிருமி இல்லை என்னும் முடிவு மட்டுமே நோயை விலக்கிவிடாது.

மருத்துவமுறை

சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் வேதிமருத்துவ மையம், நுரையீரல் நோயாளர் இல்லத்திலிருந்தே மருந்துண்டு குணமடைய இயலும் என நிறுவியது. மதுரையில் நிணநீர்க்கணுக் காசநோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வு, 6 மாத மருத்துவம் பெரும்பாலோர்க்குப் பயனளிப்பதைக் காட்டியது. இன்று முதல் 2 மாதங்கள் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பியூட்டால் ஆகியனவும், அடுத்த 4 மாதங்கள் பைரசினமைடு நீங்கலாக ஏனைய மூன்றும் நாள்தோறும் தரப்படுகின்றன. தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தில் இவை இலவசம். மருந்துண்ணும் காலத்திலேயே கட்டி சிலர்க்குச் சற்றுப் பெருக்கலாம். அதனைத் தோல்வியெனக் கருதி மருந்தை நிறுத்தலாகாது.

முடிவுரை

பொன்னுக்கு வீங்கி என்னும் பெயர் தவறன்று. அப்பெயருக்குரிய கால எல்லை கடந்த பின்னும் அதனையே பற்றியிருப்பதே தவறு. 2 வாரங்களுக்கு மேல் வற்றாத காதடி வீக்கத்தை ஊசிப் பரிசோதனைக்கு உட்படுத்தினால், தேவையற்ற அறுவையும் காலந்தாழ்ந்த மருத்துவமும் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.